பூனையின் கண்ணும் காளையின் பித்தமும்

பூனைக்கு என்ன ஆகாரம் என்று யாரைக் கேட்டாலும் "பால்" என்றுதான் பதில் வரும். நம் பழமொழிப் பூனைகூடக் கண்ணை மூடிக்கொண்டு பாலைத்தான் குடிக்கிறது. வீட்டில் ஒரு பூனை வந்து ஒட்டிக்கொண்டால், மிஞ்சிய பால்சோற்றையோ தயிர்ச்சோற்றையோ ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிடுகிறோம். அந்தப் பூனையும் பெரும்பாலும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஏன் தெரியுமா? நீங்கள் உறங்கிய பிறகு அது புறக்கடையில் எலியையும் பல்லியையும் பிடித்துத் தின்று, உங்கள் சோற்றில் இல்லாததையெல்லாம் தானே ஈடுசெய்துகொள்கிறது.

ஆனால், அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் கதவடைத்து வளர்க்கப்படும் பூனைக்கு எலி ஏது? அதன் கண்பார்வையும் இதயத்தின் துடிப்பும் நீங்கள் வைக்கும் கிண்ணத்தை மட்டுமே நம்பியிருக்கின்றன. மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தட்டில் ஒரே ஒரு பொருள் குறைந்ததால் பூனைகள் குருடாயின. இதயம் வீங்கி ஆயிரக்கணக்கில் மாண்டன. அந்த ஒரு பொருளைக் கண்டுபிடிக்க விஞ்ஞானத்துக்கு மிக நீண்ட காலம் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கதை பூனையிடம் தொடங்கவில்லை. 1827ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில், டீடமன், மெலின் என்னும் இரு பேராசிரியர்கள் உணவு செரிக்கும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். காளையின் பித்தநீரிலிருந்து அவர்கள் ஒரு வெண்ணிறப் படிகத்தைப் பிரித்தெடுத்தனர். இலத்தீனில் "டாரஸ்" என்றால் காளை. அதையொட்டி அந்தப் பொருளுக்குப் பின்னர் "டாரீன்" என்று பெயர் வந்தது. கந்தகம் கலந்த எளிய பொருள் அது. அமினோ அமிலங்களுக்கு உறவுடையது. ஆனால் மற்ற அமினோ அமிலங்கள் மணிகளாகக் கோக்கப்பட்டுப் புரதம் ஆகின்றன அல்லவா? டாரீன் அந்த மாலையில் சேர்வதில்லை. தசையிலும் மூளையிலும் கண்ணிலும் தனியாகவே இருக்கும். பித்த அமிலங்களோடு சேர்ந்து கொழுப்பைச் செரிக்க உதவுகிறது என்பதற்கு மேல் அதைப்பற்றி நீண்ட காலம் யாரும் அதிகமாகக் கவலைப்படவில்லை. உடலே செய்துகொள்ளும் பொருள்தானே, உணவில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று விட்டுவிட்டனர்.

இனிப் பூனையிடம் வருவோம்.

தானியக் குதிரின் காவலாளி

பூனை மனிதனோடு சேர்ந்தது நாய் சேர்ந்ததைப் போல அன்று. நாய் நம்மோடு வேட்டைக்கு வந்தது. நாம் தின்ற எச்சிலைத் தின்றது. நம்மைப் போலவே மாவுப்பொருளையும் செரிக்கப் பழகியது. பூனையோ மனிதன் பயிரிடக் கற்று, தானியத்தைச் சேமித்து, அந்தத் தானியத்துக்கு எலி வந்த பிறகுதான் வந்தது. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதனின் புதைகுழிக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையின் முழு எலும்புக்கூடும் கிடைத்த செய்தியைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. இத்தனை ஆயிரம் ஆண்டுகள் தானியக் குதிரின் பக்கத்திலேயே குடியிருந்தும் பூனை ஒரு மணி தானியத்துக்கும் ஆசைப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வயிறும் ஈரலும் இன்றும் பாலைநிலத்துக் காட்டுப்பூனையினுடையவையே.

பட்டணங்களில் பூனைக்கென்று உணவு விற்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. இலண்டன் தெருக்களில் குதிரை இறைச்சியைக் குச்சியில் கோத்து வீடுவீடாக விற்றவர்கள் உண்டு. 1860களை ஒட்டி ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் அதே இலண்டனில் நாய்களுக்கான பிஸ்கோத்தைத் தயாரித்து விற்றார். இருபதாம் நூற்றாண்டில் தகரடப்பா உணவும், பிறகு பொரி போன்ற உலர் உணவும் வந்தன.

ஆனால் பூனையை முழுக்க முழுக்க வீட்டுக்குள் கொண்டுவந்தது உணவு அன்று, மண்! 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர், நீரை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் குருணையைப் பூனையின் மலத்தொட்டிக்கு விற்கத் தொடங்கினார். நாற்றம் அடங்கியது. பூனை வெளியே போக வேண்டிய தேவை நின்றது. கூடவே வேட்டையும் நின்றது. அதன் சாப்பாட்டுக்கு மனிதன் மட்டுமே பொறுப்பாளி ஆனான். ஆயினும் பூனைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது அப்போது எவருக்கும் சரிவரத் தெரியாது. "சின்ன நாய்" என்று நினைத்துக்கொண்டுதான் அதற்கு உணவு செய்தார்கள்.

பாலின் புரதம் தந்த குருடு

1964இல் இலண்டனிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. பாட்ரிசியா ஸ்காட் அம்மையாரும் அவருடைய தோழர்களும் ஆய்வுக்கூடப் பூனைகளுக்குத் தூய்மையாக்கப்பட்ட கலவை உணவைக் கொடுத்து வளர்த்துவந்தனர். அதில் புரதத்துக்காகச் சேர்த்தது கேசீன். அதாவது பாலிலுள்ள புரதம். உயிர்ச்சத்துக்களும் தாது உப்புக்களும் கணக்காகச் சேர்க்கப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் பூனைகளின் விழித்திரை நடுவிலிருந்து சிதையத் தொடங்கியது. உயிர்ச்சத்து ஏ குறைந்தால் கண் கெடும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால் இங்கே நடந்ததை அது ஒன்றால் மட்டும் விளக்க முடியவில்லை.

விடை அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அதே கேசீன் உணவைப் பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கண் கெட்ட பூனைகளின் இரத்தத்திலும் விழித்திரையிலும் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக அளந்தனர். எல்லாம் சரியாக இருந்தன. ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தது. அதுதான் காளையின் பித்தத்தில் கண்டெடுத்த அந்தப் பழைய டாரீன்! 1975இல் "சயன்ஸ்" இதழில் இது வெளியாயிற்று. கண்டுபிடிக்கப்பட்ட 148 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படிகத்துக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

எலி, நாய், மனிதன் ஆகியோர் உடலிலேயே செய்துகொள்ளும் ஒன்றைப் பூனையால் ஏன் செய்துகொள்ள முடியவில்லை? ஒரு குடும்பத்தின் வரவு செலவைப்போல இதைப் பாருங்கள். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலிருந்து டாரீனைச் செய்ய ஈரலில் சில நொதிகள் வேண்டும். பூனையின் ஈரலில் அந்த நொதிகள் பெயரளவுக்கே வேலை செய்கின்றன. எனவே வரவு சொற்பம். செலவோ கட்டாயமானது. பித்த அமிலங்கள் குடலுக்குள் செல்ல வேண்டுமானால் அவற்றோடு ஒரு துணைப்பொருள் சேர வேண்டும். நம் உடலில் டாரீன் குறைந்தால் கிளைசீன் என்ற எளிய அமினோ அமிலம் அந்த வேலையைச் செய்துவிடும். பூனைக்கு அந்த மாற்று வழி கிடையாது. டாரீனையே செலவிட்டாக வேண்டும். அதில் ஒரு பகுதி நாள்தோறும் மலத்தோடு வெளியேறுகிறது. எலியையும் பறவையையும் தின்னும் பிராணிக்கு இது ஒரு குறையே அன்று. தசையிலும் இதயத்திலும் டாரீன் நிறைய இருக்கிறது. செடிகொடிகளில் அது இல்லை என்றே சொல்லிவிடலாம். பசும்பாலிலும் மிகச் சொற்பம். பால்சோறு தின்னும் பூனையின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நாய்க்கென்று தயாரித்த உணவைத் தின்று வளர்ந்த பூனைகளுக்கும் இதே கண்நோய் வந்ததை 1970களின் இறுதியில் கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். இரண்டு பிராணியும் வைத்திருப்பவர்கள் ஒரே மூட்டையை வாங்கி இரண்டுக்கும் போடுவது இன்றும் நடக்கிறது. கூடாது.

ஏறத்தாழ அதே சமயம், கலிபோர்னியாவின் டேவிஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் மோரிஸ், ரோஜர்ஸ் என்னும் இருவர் பூனையின் மற்றோர் விசித்திரத்தைக் கண்டனர். புரதம் சிதையும்போது அம்மோனியா என்ற நச்சுப்பொருள் பிறக்கிறது. ஈரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புகிறது. இந்தச் சக்கரம் சுழல ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் தேவை. ஆர்ஜினைன் மட்டும் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்தார்கள். சில மணி நேரத்துக்குள் பூனைகள் எச்சில் ஒழுகி, வாந்தியெடுத்து, தள்ளாடின. இரத்தத்தில் அம்மோனியா ஏறிவிட்டது. ஒரு வேளை உணவு ஒரு பிராணியை இப்படி வீழ்த்தும் என்பது நம்புவதற்கரிய செய்திதான். புரதம் குறைவாகக் கிடைக்கும் நாளில் நம் ஈரல் புரதத்தைச் சிக்கனமாகச் செலவிடும். பூனையின் ஈரலுக்குச் சிக்கனமே தெரியாது. பட்டினி கிடந்தாலும் புரதத்தை எரித்துக்கொண்டேயிருக்கும். மேலும், காரட்டிலுள்ள கரோட்டீனை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றவும் அதனால் இயலாது. இறைச்சியில் ஏற்கெனவே உள்ள உயிர்ச்சத்து ஏதான் வேண்டும்.

டப்பாவில் இருந்தும் உடலில் இல்லை

டாரீன் தெரிந்துவிட்டது; உணவில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவும் வகுத்தாயிற்று. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லாரும் எண்ணினர். ஆனால் பூனைகள் வேறொரு நோயால் செத்துக்கொண்டிருந்தன. இதயத்தின் தசை தளர்ந்து, அறைகள் பலூன்போல உப்பி, இரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் போகும் நோய் அது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வீட்டுப் பூனைகள் இதற்குப் பலியாயின. காரணம் தெரியாது, மருந்தும் பெரிதாகப் பலிக்காது.

டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பயன் என்ற இளம் கால்நடை மருத்துவர் இந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரீனை அளந்தார். கிட்டிய முடிவை அவரும் கிட்டில்சன், ரோஜர்ஸ், மோரிஸ் ஆகியோரும் 1987 ஆகஸ்டில் வெளியிட்டனர். இதயம் தளர்ந்த 21 வீட்டுப் பூனைகளின் இரத்தத்தில் டாரீன் தாழ்ந்திருந்தது. அத்தனையும் கடையில் வாங்கிய பூனை உணவைத் தின்றவை! அவற்றுக்கு வாய்வழியாக டாரீன் கொடுத்தனர். பல வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது. கேளா ஒலியலைப் படத்தில் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடிந்தது. சாகப் போகிறது என்று கைவிட்ட பூனை மீண்டும் பாய்ந்தோடுவதைக் கண்ட மருத்துவர்களின் மகிழ்ச்சியை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். கண்ணுக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. சிதைந்த விழித்திரை செல்கள் மீண்டும் முளைப்பதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. அந்த உணவுகளில் பல, வகுத்த அளவு டாரீனைக் கொண்டிருந்தனவே, பிறகு ஏன் குறைந்தது? இதைக் கண்டுபிடிக்க டேவிஸ் குழுவினர் கதிரியக்கக் கரிமத்தால் அடையாளமிட்ட டாரீனைப் பூனைக்கு ஊட்டி, அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தனர். தகரடப்பாவை மூடிக் கடுமையாகச் சூடேற்றும்போது உணவின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து செரிக்க அரிதான பொருள்களாகின்றன. அவை பெருங்குடல்வரை சென்று அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகின்றன. பெருகிய நுண்ணுயிர்கள் டாரீனைச் சிதைத்துவிடுகின்றன. வாய்க்குள் போன அளவு உடம்பில் சேரவில்லை. உணவில் ஒரு சத்து இருப்பதும் உடலுக்கு அது கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை. இதன் பிறகே அமெரிக்கத் தர அளவு உயர்த்தப்பட்டது. ஈரத்தை நீக்கிய எடையில் உலர் உணவுக்கு 0.1 சதவிகிதம், டப்பா உணவுக்கு அதைப்போல் இரு மடங்கு, 0.2 சதவிகிதம். தயாரிப்பாளர்கள் டாரீனைக் கூட்டினர். அந்த இதயநோயும் வெகுவேகமாக அரிதாயிற்று.

பழைய கணக்கு ஒன்றையும் இப்போது திருப்பிப் பார்க்க வேண்டும். 1932 முதல் 1942 வரை கலிபோர்னியாவில் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் ஏறத்தாழ 900 பூனைகளை வளர்த்துப் பார்த்தார். பச்சை இறைச்சி தின்றவை செழித்தன. வேகவைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. இதைக் காட்டி, மனிதனும் சமைக்காமல் தின்ன வேண்டும் என்று வாதிடுவோர் இன்றும் இருக்கின்றனர். டாரீன் நீரில் எளிதில் கரையும். இறைச்சியை வேகவைத்துச் சாற்றைக் கொட்டிவிட்டால் அதுவும் போய்விடும். பாட்டெஞ்சரின் பூனைகளுக்கு நேர்ந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பது பிற்கால விஞ்ஞானிகள் பலரின் கருத்து. டாரீனைத் தானே செய்துகொள்ளும் மனிதனுக்கு அந்தப் பூனைகளைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது.

மனிதனுக்கு இந்த ஆராய்ச்சியால் வந்த நன்மை வேறு விதமானது. டாரீன் குறைந்த தாய்ப்பூனைகளுக்குக் குட்டிகள் செத்துப் பிறந்தன. பிழைத்தவை வளர்ச்சி குன்றின. தாய்ப்பாலில் டாரீன் உண்டு, பசும்பாலில் மிகக் குறைவு; அப்படியானால் புட்டிப்பால் குடிக்கும் மனிதக் குழந்தையின் கதி என்ன என்ற கேள்வி உடனே எழுந்தது. 1980களில் குழந்தைகளுக்கான பால்மாவில் டாரீன் சேர்க்கும் வழக்கம் பரவியது. இன்று அந்த டப்பாவை எடுத்துப் பார்த்தால், சேர்மானப் பட்டியலில் பெரும்பாலும் அந்தப் பெயர் இருக்கும்.

உங்கள் வீட்டுக் கிண்ணத்தில்

வீட்டுக்குள்ளேயே பூனை வளர்ப்பவர் என்ன செய்யலாம்? கடை உணவை வாங்குவதானால், உறையில் அது "முழுமையான, சமச்சீர் உணவு" என்று எழுதியிருக்கிறதா, எந்த வயதுக்கு உரியது என்று பாருங்கள். குட்டிக்கு உரிய உணவு வேறு. ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த பூனைக்கு 26 சதவிகிதமாவது புரதம் வேண்டும்; குட்டிக்கு 30. "தின்பண்டம்" என்றோ "துணை உணவு" என்றோ போட்டிருந்தால் அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது.

வீட்டில் சமைத்துக் கொடுப்பவர்கள் மீனோ கோழியோ வேகவைத்தால், வெந்த நீரைக் கொட்டிவிடாமல் அதையும் சேர்த்து ஊற்றுங்கள். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. சிலவகைப் பச்சை மீன்களில் தயாமினை அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். எலும்பில்லாத இறைச்சியை மட்டும் ஊட்டி வளர்த்த குட்டியின் கால் எலும்புகள் வளைந்து முறியும். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. குட்டி தன் எலும்பையே கரைத்து அந்தக் குறையை நிரப்பப் பார்க்கும். காட்டில் பூனை எலியை எலும்போடு அல்லவா தின்கிறது! ஈரல் நல்லதென்று அதையே நாள்தோறும் போடுவதும் ஆபத்து. உயிர்ச்சத்து ஏ மிகுந்து கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பூனைகளை 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விவரித்துள்ளனர். ஆகவே வீட்டுச் சமையலை மட்டும் நம்புவதானால் கால்நடை மருத்துவர் ஒருவரைக் கேட்டு அளவுகளை அமைத்துக்கொள்வதே சரி.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. எலியின் உடலில் ஏறத்தாழ 70 சதவிகிதம் நீர். உலர் உணவில் 10 சதவிகிதத்துக்கும் மேல் இராது. பாலைநிலத்து வழிவந்த பூனைக்குத் தாகம் மந்தமாகவே எடுக்கும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் இரண்டொரு நாளில் உயிருக்கே முடிவு வரலாம். உலர் உணவு கொடுப்பவர்கள் வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் நீர் வைப்பதும், ஈர உணவைக் கலந்து கொடுப்பதும் நல்லது. உலர் உணவை நாளெல்லாம் கிண்ணம் நிறைய வைத்திருப்பது மற்றொரு தவறு. ஓட்டமும் வேட்டையும் இல்லாத பூனை தின்று தின்று பருத்து, நீரிழிவு நோய்க்கு ஆளாகிறது.

பால்? பால்குடி மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளின் குடலில் பால்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. சிறிதளவைச் சில பூனைகள் தாங்கும். பல பூனைகளுக்கு வயிறு கழியும். தாயை இழந்த சின்னஞ்சிறு குட்டிக்கும் பசும்பால் போதாது. பூனையின் பாலில் புரதமும் கொழுப்பும் அதைவிட அதிகம். குட்டிகளுக்கென்றே செய்த பால்மா கிடைக்கிறது. அதை வாங்கிக் கரைத்துக் கொடுப்பது நல்லது.

அப்படியானால் பாயசக் கிண்ணத்தைப் பூனை நக்குகிறதே என்பீர்கள். 2005இல் பிலடெல்பியாவின் மொனெல் ஆய்வுக்கூடத்தினர் இதையும் ஆராய்ந்தனர். இனிப்பை உணர நாக்கில் இருக்க வேண்டிய உணர்கருவி இரண்டு ஜீன்களின் கூட்டு முயற்சி. பூனையிடம் அவற்றுள் ஒன்றில் 247 எழுத்துகள் விடுபட்டு, அது பயனற்றுக் கிடக்கிறது. புலியிடமும் சிவிங்கிப்புலியிடமும் இதே நிலைதான். உங்கள் பாயசத்தில் அதை இழுப்பது பாலும் நெய்யும். எவ்வளவு சர்க்கரை போட்டீர்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.